இடது டர்ன் மட்டும் ஏன் வரல? மாய்ர்ஹோஃபன்ல ஆறு நாள், ஒரு முழு கேஸ்

போன மார்ச்ல ஆஸ்திரியா போயிட்டு வந்ததுக்கு அப்புறம் வீட்லயும் கம்பெனிலயும் எல்லாரும் போட்டோ கேட்டாங்க, காமிச்சேன், அது அதோட முடிஞ்சுது. ஆனா எழுதி வைக்கணும்னு எனக்கு தோணுனது ஒரே ஒரு விஷயம்தான். என் ஸ்கீயிங்ல, அதாவது பனிச்சறுக்குல, வலது பக்கம் திரும்புறது வந்துச்சு, இடது பக்கம் திரும்புறது வரல. நாலாவது நாள் காலைல வரைக்கும் ஏன்னு யாருக்குமே தெரியல, கூட வந்தவங்க மூணு பேரும் வருஷக்கணக்கா ஸ்கீ பண்றவங்க. அதனால இத ஒரு கேஸ் மாதிரியே, நடந்தது நடந்தபடி எழுதுறேன்.

எனக்கு காவேரிப்பட்டணம், வேலை ஓசூர்ல ஒரு டூல்ரூம்ல, மெஷின்ல டூலும் டையும் செய்யற இடம். வயசு 38. நம்ம பக்கம் பனின்னா தளி ரோட்ல மார்கழி காலைல புல்லு மேல படிஞ்சிருக்குமே அதுதான். ரெண்டு வருஷம் முன்னாடி உத்தராகண்ட்ல ஔலிக்கு போயி ஏழு நாள் கோர்ஸ் பண்ணேன், அங்கதான் ஸ்கீயோட முன்பக்கத்த சேத்து பின்பக்கத்த விரிச்சு நிக்கிறது, அப்படியே மெதுவா திரும்புறது, தட்டையான இடத்துல ரெண்டு ஸ்கீயையும் ஒட்டினாப்ல வச்சு லேசா சறுக்குறது இதெல்லாம் கத்துக்கிட்டேன். அதுக்கு மேல ஒண்ணுமில்ல.

கூட வந்தது என் காலேஜ் ரூம்மேட், ம்யூனிக்ல இருக்கான், அவன் வீட்டுக்காரம்மா, என்னை அண்ணான்னுதான் கூப்பிடும், அதனால எனக்கு அது தங்கச்சி, அப்புறம் ஸ்டட்கார்ட்ல இருக்கிற இன்னொரு பையன், அவன்தான் எங்கள்ல வேகம். ரூம்மேட் ஒன்பது சீசனா ஸ்கீ பண்றான். தங்கச்சி ஆறு சீசன், ஆனா அது மட்டும்தான் பெரியவளானதுக்கு அப்புறம் ஸ்கீ ஸ்கூல்ல காசு கட்டி வரிசையா கத்துக்கிட்டது, மத்த ரெண்டு பேரும் விழுந்து எழுந்து கத்துக்கிட்டவனுங்க. இந்த வித்தியாசம் கேஸுக்கு முக்கியம், அதான் இங்கயே சொல்லிடறேன்.

ம்யூனிக்ல இருந்து ட்ரெயின்ல யென்பாக், அங்க இறங்கி சில்லர்டால் பள்ளத்தாக்குக்குள்ள போற குட்டி ட்ரெயின், நம்ம ஊட்டி ட்ரெயினவிட கம்மி அகலம், 760 மில்லிமீட்டர் கேஜ்தான், 32 கிலோமீட்டர் போயி கடைசி ஸ்டேஷன் மாய்ர்ஹோஃபன். ஊரு பள்ளத்துல 630 மீட்டர் உயரத்துலதான் இருக்கு, ரெண்டு பக்கமும் மலை. ஒரு பக்கம் ஆஹோர்ன், மேல போனா அகலமா, சாதுவா இருக்கும், குழந்தைங்களும் புதுசா கத்துக்கறவங்களும் அங்கதான். இன்னொரு பக்கம் பென்கன், அதுதான் பெருசு, அங்கதான் ஹராகிரின்னு 78 சதவீத சரிவு உள்ள ஒரு ப்ளாக் ஸ்லோப் இருக்கு. சரிவுக் கணக்கு எப்படின்னா, ஸ்லோப்ப கஷ்டத்த வச்சு கலர்ல பிரிப்பாங்க, ஆஸ்திரியால ப்ளூன்னா பொதுவா 25 சதவீதம் வரைக்கும், ரெட்னா 40 வரைக்கும், அதுக்கு மேல ப்ளாக். நேரா நூறு மீட்டர் தள்ளிப் போறதுக்குள்ள இருபத்தஞ்சு மீட்டர் கீழ இறங்குனா அது 25 சதவீதம். பேப்பர்ல பார்த்தா சின்ன நம்பரா தெரியும், மேல நின்னு கீழ பார்த்தா அப்படி தெரியாது.

முதல் நாள் ஆஹோர்ன்ல அரை நாள், நல்லாதான் போச்சு. ஸ்லோப் சாதுவா இருந்தா தப்பு வெளிய தெரியாதுன்னு அப்ப எனக்கு தெரியல.

ரெண்டாவது நாள் பென்கன். "நீ நேத்து சூப்பரா பண்ண மச்சான், ஒரு ரெட் போலாம், எங்க பின்னாடியே வா, நாங்க இருக்கோம்ல" அப்படின்னான் ரூம்மேட், அவன் பாசத்துலதான் சொன்னான், அத இன்னிக்கும் நான் குறை சொல்ல மாட்டேன். மேல காத்து, கூட்டம், வெளிச்சமும் மங்கலா இருந்துச்சு, மேடு பள்ளமே கண்ணுக்கு தெரியல. முதல் டர்ன் வலது பக்கம், வந்துச்சு. அடுத்தது இடது, திரும்ப ஆரம்பிச்சு பாதில வலது ஸ்கீ அப்படியே வெளிய வழுக்கிட்டு போச்சு, டர்ன் முடியல, ஸ்கீ ரெண்டும் கீழ பார்த்து நின்னுடுச்சு, அப்புறம் என்ன, வேகம் ஏறுச்சு, பயத்துல பின்னாடி சாஞ்சேன், உக்காந்து விழுந்தேன். அந்த ஒரு ஸ்லோப்ல ஏழு தடவை விழுந்தேன். இறங்கி முடிக்க அம்பது நிமிஷம். அவங்க மூணு பேரும் ஒவ்வொரு வளைவுலயும் எனக்காக நின்னு நின்னு குளிர்ல விறைச்சுப் போனாங்க, நான் போயி சேர்ந்த உடனே அவங்க கிளம்பிடுவாங்க, அவங்களுக்கு அது ரெஸ்ட், எனக்கு ரெஸ்டே கிடையாது. தெரிஞ்சவங்க கூட போற எல்லாரும் இத கவனிங்க, வேகமா போறவன் நின்னு மூச்சு வாங்குறான், பின்னாடி வர்றவன் மூச்சு வாங்காமயே அடுத்த சரிவுக்கு போறான், தொடை எரியறதே பாதி இதனாலதான்.

மூணாவது நாளும் அதே பென்கன், இப்ப எல்லாரும் சொல்லித் தர ஆரம்பிச்சாங்க. முட்டிய மடக்கு. முன்னாடி சாய். கீழ பார்க்காத தூரமா பாரு. தோள கீழ்ப்பக்கம் திருப்பு. ஸ்டட்கார்ட்காரன் "யோசிக்காத, விட்ரு, ஸ்பீடு வந்தா தானா திரும்பும்"னான். ஒண்ணுமே பொய் இல்ல, அவனவன் உடம்புக்கு அது அது வேலை செய்யுது. ஆனா ஒரே டர்ன்ல நாலு விஷயத்த என்னால ஞாபகம் வச்சுக்க முடியல, இத மாத்தினா அது போகுது, அத மாத்தினா இது போகுது. எங்க டூல்ரூம்ல ஒரு பழக்கம் உண்டு, பீஸ் சைஸ் வரலன்னா ஒரு நேரத்துல ஒண்ணத்ததான் மாத்தணும், ஸ்பீடயும் ஃபீடயும் டூலயும் ஒண்ணா மாத்திட்டா எதனால சரியாச்சுன்னும் தெரியாது எதனால கெட்டுச்சுன்னும் தெரியாது. பதினஞ்சு வருஷமா இத பசங்களுக்கு சொல்லிக்கொடுக்கறேன், அங்க அந்த சரிவுல நிக்கிறப்போ எனக்கு அது தோணவே இல்ல. மதியம் மூணு மணிக்கு மேல ஸ்லோப் ஓரமா, கம்பு நட்டிருக்கிற இடத்துல ஒதுங்கி உக்காந்துட்டேன். மார்ச் மாசம் வேற, காலைல கண்ணாடி மாதிரி கெட்டியா இருக்கிற பனி மதியத்துல சேறு மாதிரி ஆகி, எல்லாரும் திரும்பி திரும்பி குவியல் குவியலா கிடக்கும், கால் ஓஞ்சுபோன நேரத்துல கஷ்டமான பனியும் சேர்ந்துக்குது.

அன்னிக்கு சாயங்காலம் தங்கச்சி வந்து பக்கத்துல உக்காந்து கேட்டுச்சு, "அண்ணா, நாளைக்கு நீங்களும் நானும் மட்டும் ஆஹோர்ன் போலாமா? அவங்க பென்கன் போகட்டும், மதியம் சேர்ந்துக்கலாம்." நான் உன் லீவு வீணாகுமேம்மான்னு சொன்னேன். அதுக்கு அது, "நான் ரெண்டு நாளா உங்க கூட வந்தேன், ஆனா உங்கள பார்க்கவே இல்லண்ணா, எப்பவும் உங்களுக்கு முன்னாடிதான போறேன், முதுகுல கண்ணா இருக்கு" அப்படின்னுச்சு. இந்த ஒரு வார்த்தைலதான் கேஸே திரும்புச்சு. மூணு நாளா மூணு பேர் கூட இருந்தாங்க, சொல்லியும் கொடுத்தாங்க, ஒருத்தர்கூட நான் திரும்புறத கீழ நின்னு முழுசா பார்க்கல.

நாலாவது நாள் காலைல ஒன்பது மணிக்கு ஆஹோர்ன் மேல. ஸ்லோப் அப்பதான் மெஷின் ஓட்டி வரி வரியா சீவின மாதிரி கிடந்துச்சு, ஆள் இல்ல. தங்கச்சி முதல்ல கீழ போயி ஓரமா நின்னுக்கிச்சு, ஓரமான்னா மேல இருந்து வர்றவங்களுக்கு தெரியற இடத்துல, மேட்டுக்கு அடில மறைவா நிக்கக்கூடாது, அது ஸ்லோப்ல எல்லாருக்கும் உள்ள விதி. கைய தூக்குச்சு, நான் எட்டு டர்ன் போட்டு இறங்குனேன். ஒண்ணுமே சொல்லல. மறுபடி லிஃப்ட், மறுபடி எட்டு டர்ன். மூணாவது தடவைதான் சொல்லுச்சு, "அண்ணா உங்களுக்கு டர்ன் வராம இல்ல. வலது நாலும் சுத்தமா இருக்கு. இடது நாலும்தான் உடையுது."

எனக்கு அது வரைக்கும் அப்படி பிரிச்சு பார்க்கணும்னே தோணல, மொத்தமா எனக்கு ஸ்கீயிங் வரலன்னுதான் நினைச்சுட்டு இருந்தேன்.

இங்க ஸ்கீ எப்படி திரும்புதுன்னு கொஞ்சம் சொல்லணும். இடது பக்கம் வளையறப்போ வெளிப்பக்கம் இருக்கிறது வலது கால், திரும்பி முடிச்சு குறுக்க போறப்போ அதுதான் கீழ்ப்பக்கத்து காலும். வெயிட்ல பெரும்பகுதி அந்த வெளிக்கால் ஸ்கீ மேல இருக்கணும், அப்பதான் அதோட உள் ஓரம், அந்த ஸ்டீல் விளிம்பு, பனிய கடிச்சு பிடிக்கும். கடிக்கலன்னா ஸ்கீ வழுக்கும், டர்ன் முடியாது. ஆக இடது டர்ன் உடையுதுன்னா பார்க்க வேண்டியது வலது கால்தான்.

தங்கச்சி ஒரு டெஸ்ட் வச்சுது. லேசான சரிவுல குறுக்க போயிட்டே மேல்கால் ஸ்கீய ஒரு விரல் அளவு தூக்கி, கீழ்கால்ல மட்டும் நில்லுங்க, எண்ணுங்கன்னு. இடது கால் கீழ இருக்கிறப்போ அஞ்சு வரைக்கும் எண்ணினேன், ஆடல. திரும்பி வலது கால் கீழ இருக்கிறப்போ ரெண்டு எண்றதுக்குள்ள தூக்குன கால் கீழ வந்துடுச்சு. மூணு தடவை பண்ணோம், மூணு தடவையும் அப்படித்தான்.

அப்புறம் ஓரமா ஒதுங்கி ஸ்கீ பூட்ட, அதாவது ஸ்கீக்கு போடற ஷூவ, பார்த்தோம். முட்டிய முன்னாடி மடக்கி நில்லுங்கன்னு சொல்லிட்டு, முழங்காலுக்கு கீழ முன்னெலும்புக்கும் பூட்டோட நாக்குக்கும் நடுவுல விரல விட சொல்லுச்சு. இடது கால்ல ஒரு விரல் நுனிகூட போகல. வலது கால்ல ரெண்டு விரல் சுளுவா உள்ள போச்சு. வலது பூட்ட இறுக்குற பக்கிள் நாலும் லூஸான பக்கத்து பல்லுல கிடந்துச்சு. குதிகால தூக்கி பார்த்தா பூட் அப்படியே இருக்கு, உள்ள என் குதிகால் மட்டும் மேல வருது. போதாததுக்கு குளிருமேன்னு ரெண்டு சாக்ஸ் போட்டிருந்தேன், உள் சாக்ஸ் கணுக்கால்கிட்ட மடிஞ்சு கிடந்துச்சு.

ஏன் வலது கால் மட்டும் லூஸ்? அங்கதான் எனக்கே பொறி தட்டுச்சு. பாலக்கோடு ரோட்ல பதினோரு வருஷம் முன்னாடி பைக்ல விழுந்து வலது கணுக்கால் உடைஞ்சு பிளேட் வச்சு எடுத்தது. நடக்கறதுல ஓடறதுல ஒண்ணும் தெரியாது, ஆனா இறுக்குனா அந்த இடத்துல ஒரு வலி வரும். ரெண்டல் கடைல முதல் நாள் ஒரே கூட்டம், போட்டு பார்த்தேன், இடது சரி, வலது இறுக்கமா வலிச்சுது, ரெண்டையும் ஒரு சைஸ் பெருசா கேட்டு வாங்கி, வலது பக்கிள மட்டும் தளர்த்தி விட்டுட்டு, சுகமா இருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன். கால் ஒடிஞ்ச கதைய கடைக்காரர்கிட்டயும் சொல்லல, ஃப்ரெண்ட்ஸ்கிட்டயும் சொல்லல, அவர் கேக்கவும் நேரமில்ல.

டூல்ரூம் ஆளுங்களுக்கு இது புரியும். ஜாப் ஒழுங்கா கிளாம்ப் ஆகலன்னா ப்ரோக்ராம் எவ்ளோ நல்லா இருந்தாலும் சைஸ் வராது, டூல் தள்றப்போ ஜாப் நகரும். ஸ்கீக்கு கிளாம்ப் பூட்தான். முன்னெலும்பு நாக்க அழுத்துனாதான் ஸ்கீயோட முன்பக்கத்துக்கு வெயிட் போகும், கணுக்கால் பூட்டுக்குள்ள ஆடுச்சுன்னா நீங்க முட்டிய எவ்ளோ சாய்ச்சாலும் அந்த சாய்வு ஸ்கீக்கு போயி சேராது. அவங்க முந்தின நாள் முழுக்க "முன்னாடி சாய் முன்னாடி சாய்"னு சொன்னது சரியான வைத்தியம்தான், ஆனா என் வலது கால்ல சாயறதுக்கு பிடிமானமே இல்ல, காத்துல சாயற மாதிரி. சறுக்குது, பயம் வருது, பயந்தா உடம்பு பின்னாடி போகுது, பின்னாடி போனா முன்பக்கம் இன்னும் லேசாகுது, இன்னும் திரும்பாது. இப்படி ஒண்ணு இன்னொண்ண இழுத்துட்டு வந்திருக்கு.

பத்தரைக்கெல்லாம் கீழ இறங்கி கடைக்கு போயி உள்ளத சொன்னோம். அவர் என் பாதத்த சென்டிமீட்டர்ல அளந்தாரு, ஸ்கீ பூட் சைஸே அப்படித்தான், பாத நீளம் 26.5 சென்டிமீட்டர்னா பூட்டும் 26.5. நேரா நின்னா கட்டைவிரல் முன்னாடி லேசா படணும், முட்டிய மடக்குனா விலகணும், அதுதான் சரியான அளவு. ஒரு சைஸ் குறைச்சு, கணுக்கால் பக்கம் மெத்துனு இருக்கிற வேற மாடல் கொடுத்தாரு, சாக்ஸ் ஒண்ணு, அதுவும் மெல்லிசு. குதிகால பின்னாடி தட்டி உக்கார வச்சு, முட்டிய மடக்கி, அப்புறம் மேல் பக்கிள் ரெண்டும் நல்லா, கீழ் பக்கிள் ரெண்டும் லேசா போட சொல்லி காமிச்சாரு. வலிச்சுது, ஆனா தாங்கற வலி. பூட் மாறுனா அடிப்பாக நீளம் மாறும், அதனால பைண்டிங்கயும், அதாவது ஷூவ ஸ்கீயோட சேத்துப் பிடிக்கிற கிளிப்பயும், மறுபடி செட் பண்ணணும், இத நீங்களே கேட்டு வாங்குங்க, ஏன்னா விழறப்போ ஸ்கீ கழண்டுக்கறதும் கழலாம முட்டிய முறுக்கறதும் அந்த செட்டிங்லதான் இருக்கு. வெயிட், உயரம், வயசு, எவ்ளோ நல்லா ஸ்கீ பண்ணுவீங்க இதெல்லாம் கேப்பாங்க, கூட இருக்கிறவங்க முன்னாடி கெத்துக்காக கூட்டி சொல்லாதீங்க, கூட்டி சொன்னா பைண்டிங் இன்னும் இறுக்கமா வைப்பாங்க.

பூட் மாறுன உடனே எல்லாம் சரியாயிடுச்சா? இல்ல. ரெண்டு நாளா உடம்பு இடது டர்ன்னா பயப்படணும்னு பழகியிருந்துச்சு. மதியம் பென்கன் போறதா இருந்தத விட்டுட்டு ஆஹோர்ன்லயே இருந்தோம், அஞ்சாவது நாளும் அங்கதான். பண்ணது மொத்தம் மூணே விஷயம், ஒண்ணு ஒண்ணா. முதல்ல பக்கவாட்டுல வழுக்குறது, சரிவுக்கு குறுக்க நின்னு விளிம்ப லேசா விட்டா அப்படியே கீழ வழுக்கும், முட்டிய மலைப்பக்கம் சாய்ச்சா கடிச்சு நிக்கும், விடு, பிடி, விடு, பிடி. வலது கால் கீழ இருக்கிற பக்கமே அரை மணி நேரம் பண்ணோம். இது வந்ததுக்கு அப்புறம் பாதி பயம் போயிடுச்சு, எந்த சரிவா இருந்தாலும் வழுக்கியாவது இறங்கிடலாம்ல. அடுத்து டர்ன முடிக்கிறது. அடுத்து தங்கச்சி முன்னாடி மெதுவா போக, அது போட்ட கோட்டு மேலயே நான் போறது.

டர்ன முடிக்கிறதுதான் எனக்கு உள்ள இறங்குன விஷயம், அதுக்கு காரணம் எங்க அப்பா. அப்பா லாரி டிரைவர், இருபத்தஞ்சு வருஷம் கிருஷ்ணகிரி சேலம் லைன்ல ஓட்டினவரு. தொப்பூர் கணவாய் இறக்கத்த பத்தி நம்ம பக்கத்துல யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல, இரட்டைப் பாலம்கிட்ட எத்தனை வண்டி போயிருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விட்டுட்டு, வேகம் ஏறுனதுக்கு அப்புறம் பிரேக்க மிதிச்சு மிதிச்சு, பிரேக் சூடேறி பிடிக்காம போறதுதான் அங்க பாதி கதை. அப்பா சொல்லுவாரு, இறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கியர குறைச்சுடணும்டா, பாதில குறைக்க முடியாதுன்னு. நான் ரெட் ஸ்லோப்ல பண்ணது அப்படியே நியூட்ரல்ல இறங்குன கதைதான், டர்ன பாதில விட்டுட்டு கீழ பார்த்து போயி, வேகம் ஏறுனதும் ஸ்கீய விரிச்சு பிரேக் போடறது, தொடை எரியறது, அப்புறம் அதுவும் பிடிக்காம போறது. தங்கச்சி சொன்னது, திரும்ப ஆரம்பிச்சா ஸ்கீ முழுசா குறுக்க வந்து லேசா மேட்டு பக்கம் ஏறப் பார்க்கிற வரைக்கும் விடாதீங்க, அங்க வேகம் தானா செத்துடும், அப்புறம் அடுத்த டர்ன். வேகத்த குறைக்கிறது வளைவோட வடிவம், பிரேக் இல்ல. சரிவு அதிகமானா வளைவ இன்னும் முழுசா முடிங்க, அவ்ளோதான்.

இந்த படிப்படியா போறது ஒண்ணும் புதுசு இல்ல. மாய்ர்ஹோஃபன் இருக்கிற அதே டிரோல் மாநிலத்துல, மேற்குப் பக்கம் ஆர்ல்பர்க்ல, ஹான்னஸ் ஷ்னைடர்னு ஒருத்தர்தான் நூறு வருஷத்துக்கு முன்னாடி, விரிச்சு நிக்கிறதுல ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா சேத்து திரும்புற வரைக்கும் படி படியா வச்சு சொல்லிக்கொடுத்தாரு, இன்னிக்கு உலகத்துல நிறைய ஸ்கீ ஸ்கூல்ல அந்த வழிதான் ஏதோ ஒரு ரூபத்துல ஓடுது. நாங்க ரெண்டாவது நாளே நடுவுல நாலு படிய தாண்டிட்டோம்.

ஆறாவது நாள் காலைல நாலு பேரும் சேர்ந்து பென்கன், அதே ரெட். இந்த தடவை நானே ரெண்டு விஷயம் கேட்டுக்கிட்டேன், ஒண்ணு, நான் வந்து சேர்ந்ததுக்கு அப்புறம் ஒரு நிமிஷம் நின்னுட்டு கிளம்பணும், ரெண்டு, யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கக்கூடாது. ரூம்மேட் உடனே சரின்னான், அவனுக்கும் ரெண்டு நாளா மனசுக்குள்ள ஒரு மாதிரி இருந்திருக்கு. தங்கச்சி முன்னாடி, அதோட கோட்டு மேல நான். நாலு இடத்துல நின்னோம். ஒரு தடவை விழுந்தேன், அதுவும் வலது டர்ன்ல, வேகமா வந்த ஒருத்தருக்கு வழி விடுறேன்னு அவசரப்பட்டு. முன்னாடி போறவருக்குதான் வழி, பின்னாடி வர்றவர்தான் ஒதுங்கிப் போகணும், நான் அப்படி பதறியிருக்கவே வேண்டாம். பதினஞ்சு நிமிஷத்துல கீழ. இடது டர்ன் அழகா இருந்துச்சுன்னு சொல்ல முடியாது, ஆனா முடிஞ்சுது, ஒவ்வொண்ணும் முடிஞ்சுது. கீழ நின்னு மேல திரும்பி பார்க்கிறப்போ ஸ்டட்கார்ட்காரன் வந்து தோள தட்டி "மச்சான் இன்னொரு தடவை"ன்னான், போனோம், அன்னிக்கு மூணு தடவை போனோம், ரெண்டரை மணிக்கு நானே போதும்னு நிறுத்திக்கிட்டேன்.

ஒரு விஷயம் இன்னும் தீரல. ஊருக்கு வந்ததும் கிருஷ்ணகிரில ஒரு பிசியோகிட்ட காமிச்சேன். செவுத்துல இருந்து பாதத்த தள்ளி வச்சு, குதிகால் தரைய விட்டு எழும்பாம முட்டி செவுத்த தொடணும், எவ்ளோ தூரம் தள்ள முடியுதுன்னு அளக்கறாங்க. இடது கால் 11 சென்டிமீட்டர், வலது 6. கணுக்கால் முன்பக்கம் மடங்கறது கம்மி, அதனாலதான் பூட்டுக்குள்ள முட்டி முன்னாடி போக மாட்டேங்குது, அடுத்த தடவை பூட் எடுக்கிறப்போ குதிகாலுக்கு அடில சின்ன ஆப்பு மாதிரி ஒண்ணு வச்சு தரச் சொல்லிக் கேளுங்கன்னாங்க, கூடவே தினமும் ரெண்டு வேளை நீட்டி மடக்குற பயிற்சி. ஞாயித்துக்கிழமை காலைல சையத் பாஷா மலை ஏறி இறங்குறேன், இறங்குறப்போ வலது முட்டிய வேணும்னே மெதுவா மடக்கி. வீட்டு ஹால்ல செவுத்துகிட்ட தரைல டேப் ஒட்டி சென்டிமீட்டர் குறிச்சு வச்சிருக்கேன், பையன்தான் ஸ்கேல் வச்சு பார்த்து சொல்லுவான். போன வாரம் 8.